சிப் மேல் தப்பில்லை, என் மேல்தான்



பொங்கலுக்கு நம்ம அவனியாபுரம் ஜல்லிக்கட்டு பார்க்க வந்த பேரன், எல்எம்386 சிப் வைத்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்தான். செல்போனை மாட்டிப் பாட்டுப் போட்டால் ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது. "டூப்ளிகேட் சிப் தாத்தா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாணவன் இதையே செய்து கொண்டுவந்தான். அதே கரகரப்பு. "மட்டமான சிப், எடுத்து உள்ளே வை" என்று சொன்னவன் நான்தான்.

இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தச் சிப்பின் 1, 8ஆம் கால்களைச் சும்மா விட்டால் வருவதை 20 மடங்காக்கும். இடையில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 200 மடங்கு. மைக் தருவது சில மில்லிவோல்ட். 5 மில்லிவோல்ட் 200 மடங்கானால் 1 வோல்ட். சரிதான். ஆனால் செல்போன் அரை வோல்ட் தந்தால்? 100 வோல்ட்! 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சிப் அதற்கு எங்கே போகும்? அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படுகின்றன. அதுதான் கரகரப்பு.

கெப்பாசிட்டரை எடுத்தாலும் 10 வோல்ட் கேட்கும். அதனால் உள்ளே நுழையும் இடத்தில் 10 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகவும், 1 கிலோ ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போட்டோம். 11இல் ஒரு பங்கு, சுமார் 45 மில்லிவோல்ட்தான் சிப்புக்குப் போகிறது. 20 மடங்கானாலும் 0.9 வோல்ட். பாட்டு சுத்தமாகக் கேட்டது.

திருவிழாவில் மைக்கின் கெயினை முழுக்க ஏற்றிவிட்டு, மாஸ்டரைக் குறைத்தாலும் குரல் கிழிவது இதனால்தான். முன்னால் வெட்டுப்பட்டதைப் பின்னால் ஒட்ட முடியாது.

என் கருத்து இது: சர்க்யூட் படம் சரியா என்று பார்த்து மார்க் போடுகிறோம், "உள்ளே என்ன வருகிறது, அளந்தாயா?" என்று கேட்பதில்லை. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: தம்பி, உன் சிப் நல்ல சிப்தான். நான்தான் அளக்காமல் பேசிவிட்டேன். மன்னித்துவிடு. மதுரைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாப்பா.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்