‘உள்நுழைய முடியவில்லை’: இது யாருடைய பிழை?



இந்த மாதத் தலையங்கத்தில் எழுதப் பெரிய விசயங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் எழுதப்போவது பாஸ்வேர்ட் பற்றி. சிரிக்க வேண்டாம். எங்கள் சனிக்கிழமை உதவி மேசைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் கவுன்சில் கடிதத்தையும் வீசாப் படிவத்தையும் கொண்டுவருவார்கள். இப்போது போனையும் லப்டொப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “உள்ளுக்குப் போகேலாமல் கிடக்குப் பிள்ளை” என்கிறார்கள். கடிதமும் உள்ளேதான் இருக்கிறது, படிவமும் உள்ளேதான், சம்பளச் சிட்டையும் உள்ளேதான்.

அடுத்ததாக எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். “எனக்கு வயது போட்டுது”, “எனக்கு இங்கிலீஷ் காணாது”, “நான்தான் எதையோ பிழையா அமத்திப்போட்டன்.” திரையில் ‘பிழை’ என்று வந்தால் அது தங்களுடைய பிழை என்றே எங்கட ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு விசயங்கள் ஒளிந்திருக்கின்றன: இயந்திரத்தின் மறதி, முடிந்துபோன வாடகை, யாரோ ஒருவர் எடுத்த முடிவு. மூன்றுக்கும் மருந்து வேறு. அதனால் எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

1. இயந்திரத்தின் மறதி

அதிகம் வருவது இதுதான். வேர்ட், எக்செல், அவுட்லுக் உங்களை உள்ளே விடவில்லை என்றால் உடனே பாஸ்வேர்டை மாற்ற ஓடாதீர்கள். பிரவுசரில் ‘இன்கொக்னிட்டோ’ அல்லது ‘பிரைவேட்’ ஜன்னலைத் திறந்து, மைக்ரோசொஃப்ட் தளத்தில் அதே ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டுப் பாருங்கள். அங்கே உள்ளே விட்டால் உங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. உங்கள் கணினிதான் பழைய பதிவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறது. வின்டோஸில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்று தேடித் திறந்து, மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் என்று தொடங்கும் பதிவுகளை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை நிற்பாட்டிப் போடுங்கள். மக் கணினியில் இந்தப் பதிவுகள் ‘கீசெயின்’ என்ற இடத்தில் இருக்கும்.

ஒரே ஈமெயிலில் இரண்டு கணக்கு இருப்பது இன்னொரு சிக்கல். ‘வேலை அல்லது பாடசாலைக் கணக்கா, தனிப்பட்ட கணக்கா?’ என்று திரை கேட்டால் இரண்டும் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றின் பாஸ்வேர்ட் மற்றதற்குச் சரிவராது. ஒன்றில் மறுத்தால் மற்றதில் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஆறு இலக்கக் குறியீடு. அந்த எண்ணை உங்கள் போன் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும். ஊருக்குப் போய்வந்து மணிக்கூட்டைக் கையால் திருத்தியவர்களின் போன்கள், நேர வலயம் மாறாமல், தப்பான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நேரத்தைத் ‘தானாக’ என்று விட்டால் சரி. பழைய போனை ஊரில் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் கதை இதைவிடக் கஷ்டம்: இரண்டாவது பூட்டின் சாவி கிளிநொச்சியில் இருக்கிறது! போனைக் கைமாற்ற முதல் அந்தச் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். மாற்று ஈமெயில் ஒன்றையும் இன்னொரு தொலைபேசி எண்ணையும் இன்றைக்கே கணக்கில் சேர்த்துவையுங்கள். பூட்டுப்பட்ட பிறகு இவற்றை மாற்றப்போனால், தனிப்பட்ட கணக்கில் 30 நாள் காத்திருக்கச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. கூகிளில் ‘உதவி எண்’ தேடி எடுத்து அடிக்காதீர்கள். மைக்ரோசொஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. எண் இருந்தால் அது கள்ளன். வந்த குறியீட்டை யாராவது போனில் கேட்டாலும் கள்ளன்தான்.

2. முடிந்துபோன வாடகை

எங்கட வீட்டில் 2000களில் ஒஃபிஸ் ஒரு சீடியாக இருந்தது. 25 எழுத்துச் சாவி ஒன்று பெட்டியில் ஒட்டியிருக்கும். ஒருமுறை வாங்கினால் கணினி சாகும்வரை வேலை செய்யும். 2001இல் வந்த ஒஃபிஸ் எக்ஸ்பீயோடு, வாங்கியதை மைக்ரோசொஃப்டிடம் பதிந்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற முறை சாதாரண பாவனையாளருக்கும் வந்தது. 2011இல் ஒஃபிஸ் 365 வந்தது. அதோடு வாங்குவது போய் வாடகைக்கு எடுப்பது வழமையானது. இப்போதைய சந்தா மென்பொருள் குறைந்தது 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் போய், இவர் இன்னும் வாடகை கட்டுகிறாரா என்று கேட்டுவரும். கட்டவில்லை என்றால் உங்கள் கோப்பைத் திறக்கலாம், வாசிக்கலாம், அச்சடிக்கலாம். ஒரு எழுத்துக்கூட மாற்றேலாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் இதுதான் நடந்தது. பிள்ளைகளின் பதிவேடு எக்செலில் இருந்தது. சந்தா முந்திய பொருளாளரின் வங்கி அட்டையில் போய்க்கொண்டிருந்தது, அட்டை காலாவதியானது. பரீட்சைக்கு முதல் வாரம் யாராலும் ஒரு புள்ளியைக்கூடப் பதிய முடியவில்லை. ஆசிரியர்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிக் களைத்துப்போனார்கள். பாஸ்வேர்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இதற்கு மருந்து இலவசம். லிப்ரே ஒஃபிஸ் என்ற மென்பொருள் 2010இலிருந்து இருக்கிறது. வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும், தமிழில் எழுதலாம், கணக்கும் பாஸ்வேர்டும் கேட்காது. சிக்கலான வடிவமைப்புகள் அங்கிங்கு கொஞ்சம் குலையும். பதிவேட்டுக்கும் கூட்டக் குறிப்புக்கும் தாராளமாகப் போதும். ஆனால் முதலில் கோப்பு உண்மையிலேயே உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். வன்டிரைவில் ஒரு கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருந்தால், உங்களிடம் இருப்பது அதன் பெயர் மட்டும்.

குத்தகை நிலத்தில் பயிர் செய்வது என்றால் என்ன என்று எங்கட தாத்தா பாட்டிமாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வியர்வை உன்னுடையது, வரம்பு இன்னொருவருடையது. எழுதியது நான், எழுதியதைத் திருத்த மாதாமாதம் கட்ட வேண்டும் என்பதும் அதே கணக்குத்தான்.

3. யாரோ எடுத்த முடிவு

பராமரிப்பு வேலை வீசாவில் 2023இல் வவுனியாவிலிருந்து வந்த அக்கா ஒருவர். வயதானவர்களின் வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வருகிற வேலை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய ரோட்டா, சம்பளச் சிட்டை, மைலேஜ் கணக்கு, மேலாளருக்கு எழுதிய ஈமெயில் எல்லாம் நிறுவனம் கொடுத்த ஒரே கணக்குக்குள் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரத்துக்குச் சம்பளம் வரவில்லை என்று எழுத்தில் கேட்டார். அந்த நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர வேண்டிய நேரம்தான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த திங்கள் காலை உள்ளே போக முடியவில்லை. ‘உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தது. “நான் பிழையா அடிச்சிட்டன் போல” என்று மத்தியானம்வரை திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார்.

அந்தத் திரையின் அடியில் ‘மேலும் விபரம்’ என்று சின்னதாக இருக்கும். அமத்தினால் ஏஏடிஎஸ்டிஎஸ் என்று தொடங்கும் ஓர் எண் வரும். வேலைக் கணக்குகளில் உண்மையைச் சொல்வது அந்த எண்தான். 50126 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ பிழை. 50053 என்றால் பலமுறை பிழையாக அடித்ததால் தற்காலிகப் பூட்டு. கொஞ்சம் பொறுத்தால் திறக்கும். 50034 என்றால் அந்தப் பெயரில் அங்கே கணக்கே இல்லை. அக்காவின் திரையில் இருந்தது 50057: கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்ட் பிழையால் கணக்கு அப்படி ஆகாது. நிறுவனத்தின் பக்கத்தில் அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வேலையால் நிற்பாட்டிய கடிதம் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அவரை நிற்பாட்டிய செய்தியை முதலில் சொன்னது உள்நுழைவுத் திரை. ஆனால் அவருக்குப் புரியாத மொழியில் சொன்னது.

ஸ்பொன்சர் போனால் உள்துறை அமைச்சு வழமையாகக் கொடுப்பது 60 நாள். அதற்குள் புது ஸ்பொன்சர் தேட வேண்டும், பழைய சம்பளத்துக்கும் போராட வேண்டும். போராடத் தேவையான தாள் எல்லாம் பூட்டிய கதவுக்கு அங்காலை. இதைக் கணினிப் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

இந்த நிலையில் செய்யக்கூடியவை இவை. சம்பளச் சிட்டை பெறுவது 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் தரும் உரிமை, எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலின் பிரதியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்கலாம். கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வேலைகொடுப்பவர் வரித் திணைக்களத்துக்கு அறிவித்த சம்பளத்தை உங்கள் சொந்த வரிக் கணக்கில் பார்க்கலாம். ஏகாஸை உடனே தொடர்புகொள்ளுங்கள். காலக்கெடுவை மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். அக்காவுக்குக் கைகொடுத்தது இன்னொன்று. பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று பார்க்க, ஒவ்வொரு ஞாயிறும் ரோட்டாவைப் படம் பிடித்துக் கணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தப் படங்கள்தான் இன்று சாட்சி. இதை எழுதும்போது ஏகாஸ் வழியான சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

பெரிய கதவுகளும் உண்டு

இது ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் நடப்பதல்ல. 2019 ஒக்டோபரில் அமெரிக்கத் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. பிறகு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்ததும் அதைக் கைவிட்டது. 2025 யூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜியின் அவுட்லுக், டீம்ஸ் சேவைகள் நின்றன. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேவை திரும்பி வந்தது. ரஷ்ய எண்ணெய்க் கம்பனி பெரும் பங்கு வைத்திருக்கும் நயாராவுக்காக நாங்கள் கண்ணீர் விடத் தேவையில்லை. ஆனால் நீதிமன்றம் போகப் பணமுள்ள நிறுவனத்துக்கே கதவு இப்படி மூடுமென்றால், எங்கட ஊர்ச் சங்கத்துக்கு என்ன நடக்கும்? ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு தன் அலுவலகங்களை லிப்ரே ஒஃபிஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தபோது, பணத்தோடு சேர்த்துத் தன் தரவு தன் கையில் இருக்க வேண்டும் என்பதையும் காரணமாகச் சொன்னது.

இரண்டு பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்வேர்ட் திருட்டு உண்மையானது; இரண்டாவது பூட்டு எங்கட ஆட்களின் வங்கிக் காசையும் காப்பாற்றுகிறது. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை நிறுவனம் மூடத்தான் வேண்டும். அந்த வயதானவர்களின் மருத்துவ விபரம் உள்ளே இருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: தொழிலாளியின் சம்பளச் சிட்டையும் ரோட்டாவும் ஏன் அதே கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும்? வேலை போன பிறகும் தன் சொந்தப் பதிவுகளைப் பார்க்கத் தனி வழி வேண்டும் என்பது தொழிற்சங்கங்கள் ஒப்பந்த மேசையில் வைக்க வேண்டிய கோரிக்கை. உங்கள் கிளைக் கூட்டத்தில் இதைக் கதையுங்கள்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது: ஒவ்வொரு சம்பள நாளும் சிட்டையையும் ரோட்டாவையும் உங்கள் சொந்தப் போனில் சேமியுங்கள். உங்களைப் பற்றியதை மட்டும். பராமரிப்பில் இருப்பவர்களின் விபரத்தைத் தொடாதீர்கள். சங்கம், பள்ளி, கோயில் எதுவானாலும் கணக்கு ஒரு ஆளின் பெயரிலும் ஒரு ஆளின் அட்டையிலும் நிற்க விடாதீர்கள்; மீட்பு வழி இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டின் பிரதியை ஒரு யூஎஸ்பியில் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை திரை ‘பிழை’ என்று சொன்னால், மன்னிப்புக் கேட்க முதல் அதன் எண்ணை எழுதி எடுங்கள். சனிக்கிழமை அதைக் கொண்டு வாருங்கள். கூடவே சார்ஜரையும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக