வீடு மாறும் எழுத்து

கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் சிறு வீட்டுக்கு அண்மையில் ஒரு புதிய கணினி வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தபின், பழையதைக் கட்டிக் காப்பதிற் பயனில்லை என்றான் மருமகன். "மென்பொருள்களை அப்படியே தூக்கி இதில் வைத்துவிடலாம், மாமா" என்றும் சொன்னான். கோப்புறைகள் வந்தன, மென்பொருள்கள் இயங்கவில்லை.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. நிறுவப்பட்ட மென்பொருள் நாற்காலி அன்று, வேர்விட்ட செடி. அதன் பகுதிகள் பல கோப்புறைகளிலும் கணினியின் பதிவேட்டிலும் பரந்து கிடக்கும். உரிமமும் சிலவேளை பழைய பொறியோடே பிணைந்திருக்கும். பேராதனைப் பூங்காவிற் செடியை இடம்பெயர்ப்பவர் இலையை மட்டுமா பறித்துச் செல்வார்? மூல நிறுவற் கோப்பைக் கொண்டு புதிதாக நிறுவுவதே நேர்வழி.

நிற்க. என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. இருபதாண்டுகளாக நான் எழுதிய கட்டுரைகள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாய்த் திரையிற் சிதறிக் கிடந்தன. அவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அம்முறையில் 'அம்மா' என்று எழுதினால், கணினி பதிந்து வைப்பது தமிழை அன்று. எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்பவற்றையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் புனைகிறது. அது இல்லாத இடத்தில் வேடம் கலைகிறது.

பாமினியைப் பழிப்பது என் நோக்கமன்று. இலங்கைத் தமிழுக்கு அது நெடுங்காலம் உழைத்தது. அதையே புதுக் கணினியிலும் நிறுவினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் தமிழிலே தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. அடுத்த வீட்டுக் கணினிக்கு அனுப்பினால் மீண்டும் அதே சிதைவு. 1991இல் வந்த யுனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. அங்கே குடியேறுவதே நிலையான தீர்வு.

கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யை எழுத்தறிந்த எவரும் இன்றும் வாசிக்கலாம். நேற்று நாம் எழுதியதை வாசிக்கவோ பழைய பொறியொன்று உயிரோடிருக்க வேண்டியிருக்கிறது! இந்நிலை நமக்கு அழகா?

மலையகத்து ஆசிரியர்களும் இலக்கியக் கழகங்களும் தத்தம் பழைய கணினிகளைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். அவற்றிலுள்ள மலர்களையும் நாடகங்களையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கும் ஒரு படி கொடுங்கள். மென்பொருளை மீண்டும் வாங்கிவிடலாம். மறைந்துபோன ஆசிரியர் ஒருவரின் கட்டுரையை எந்தக் கடையில் வாங்குவோம்?