கொல்லிமலைக்கு ஒரு மியூவான் பெட்டி வேண்டும்

வல்வில் ஓரியின் கதை கொல்லிமலைப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். உயர்வு நவிற்சி அணிக்கு உதாரணமாகச் சொல்லலாம். ஆனால் உயர்வு நவிற்சியே இல்லாமல், அப்படிப்பட்ட அம்புகள் வானத்திலிருந்து விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. கூரை, தலை, பெஞ்சு, தரை என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விடுகின்றன. அவற்றின் பெயர் மியூவான். விரித்த உள்ளங்கை அளவு இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 மியூவான்கள். யாருக்கும் வலிப்பதில்லை, அதனால் யாரும் கவனிப்பதுமில்லை!

இவற்றை எண்ணிப் பார்க்கும் ஒரு சின்னப் பெட்டியை நாமக்கல் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மேலே கொண்டுபோக வேண்டும். அதை மலை மக்கள் முன்னால் வைத்துக் காட்ட வேண்டும். 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்பவர்கள் தேனியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

தேனியில் நடந்தது என்ன?

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைவதாக இருந்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்புத் தகடுகள் கொண்ட ஒரு கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பிறகு போராட்டங்கள், பசுமைத் தீர்ப்பாயம், வழக்கு... 2022 பிப்ரவரியில் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு வகை. பாறையை வெடி வைத்து உடைத்தால் மலை என்ன ஆகும், நீர் என்ன ஆகும், பக்கத்துக் காடு என்ன ஆகும் என்பது ஒரு வகை. இவை நியாயமான கேள்விகள். நியூட்ரினோ வந்தால் கதிர்வீச்சு பரவும், பயிர் கருகும் என்பது இன்னொரு வகை. இது பயம் மட்டுமே. நியூட்ரினோ சூரியனிலிருந்து ஏற்கனவே எல்லோர் உடம்பு வழியாகவும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆய்வகம் அதை உண்டாக்கப் போவதில்லை, வருவதைப் பிடிக்கப் பார்க்கும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு வகைக் கேள்விகளும் ஒன்றோடொன்று கலந்துபோனதுதான் பெரிய நஷ்டம். பயத்தை மட்டும் பார்த்தவர்கள் மக்களைப் பாமரர் என்று ஒதுக்கினார்கள். அதில் நியாயமான கேள்விகளும் சேர்ந்து ஒதுங்கிவிட்டன. மறுபக்கத்தில், திட்டத்தைக் கோப்பில் மட்டுமே பார்த்த மக்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? கண்ணால் பார்க்காத ஒன்றை, கையால் தொடாத ஒரு கருவியை, யாரோ ஒரு அதிகாரி சொன்னார் என்பதற்காக யார் நம்புவார்கள்?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சில திரவங்களுக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் ஒரு குணம் உண்டு. மின்னேற்றம் கொண்ட துகள் ஒன்று ஊடுருவிப் போனால், போன வழியில் லேசாக ஒளி விடும். இவற்றைச் சிண்டிலேட்டர் என்கிறார்கள். நியூட்ரினோவை முதன்முதலில் 1956-ல் ரெய்ன்ஸும் கோவனும் பிடித்ததே திரவச் சிண்டிலேட்டரின் உதவியால்தான்.

அந்த ஒளி மிக மிகக் குறைவு. அது எல்லாத் திசையிலும் சிதறும். அதைப் பார்க்கும் நவீன சிலிக்கான் உணரியோ சில மில்லிமீட்டர் அகலம்தான். பெட்டி பெரிது, கண் சின்னது. என்ன செய்வது? இங்கேதான் ஒளியிழை வருகிறது. கூரை ஓரத்தில் தகரத்தை வளைத்துக் கட்டி, கூரை முழுக்க விழுந்த மழையை ஒரே குடத்துக்குத் திருப்புவதில்லையா? அதே வேலைதான். ஆனால் சாதாரண இழை போதாது. பக்கவாட்டில் நுழைந்த ஒளி அப்படியே மறுபக்கம் வெளியேறிவிடும். அதனால் இழைக்குள் ஒரு சாயம் சேர்க்கிறார்கள். அது நீல ஒளியை விழுங்கிவிட்டு, இழைக்கு உள்ளேயே பச்சை ஒளியாக வெளியிடும். அதில் ஒரு சிறு பங்கு இழைக்குள்ளேயே மோதி மோதி நுனிவரை போய்ச் சேரும். நுனியில் உணரி காத்திருக்கும்.

சின்ன விஷயமாகத் தெரிகிறதா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் நோவா என்ற 14,000 டன் கருவி இதே தத்துவத்தில்தான் செய்யப்பட்டது. சுமார் 1 கோடி லிட்டர் திரவம், பிவிசி அறைகள் 3 லட்சத்து 44 ஆயிரம். ஒவ்வொரு அறையிலும் ஓர் இழை கீழே போய் வளைந்து மேலே வருகிறது. இரண்டு நுனிகளும் ஒரே உணரிப் புள்ளியில் சேர்கின்றன. 810 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து வரும் நியூட்ரினோக்களை அது பார்க்கிறது. டெல்லி, கொச்சி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களும் அந்தக் கூட்டுமுயற்சியில் உண்டு.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதன் அழகு இன்னும் புரியும். கனிம எண்ணெய், பிவிசி, மெல்லிய இழை. எல்லாமே தொழிற்சாலைச் சரக்கு! விலை கூடிய உணரியை முடிந்த மட்டும் சிறிதாக்கி, விலை குறைந்த பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கும் கணக்கு இது.

தமிழ்நாட்டிலேயே இருக்கிறது

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம். தலா ஒரு சதுர மீட்டர் அளவில் சுமார் 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் கருவிகள். பிளாஸ்டிக்கை அங்கேயே தயாரித்தார்கள். பல கருவிகளில் ஒளியைத் திரட்டுவது இதே வகை இழைகள்தான். அங்குள்ள மியூவான் தொலைநோக்கியைக் கொண்டு, 2014 டிசம்பரில் ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். மதுரையில் நியூட்ரினோ திட்டத்துக்காகச் செய்த 85 டன் மாதிரிக் கருவியும் உண்டு. ஊட்டியில் பிடித்த இடியைப் பற்றி ஊட்டி பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திரவத்துக்கும் அலைய வேண்டாம். இன்றைய பெரிய கருவிகள் பலவற்றில் ஊற்றுவது லீனியர் ஆல்கைல் பென்சீன். 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிய சீனாவின் ஜூனோ கருவியில் இருக்கும் 20,000 டன்னும் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். இதன் அன்றாட வேலை என்ன தெரியுமா? சலவைத்தூளுக்கு மூலப்பொருள்! சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை தயாரிப்பதும் இதைத்தான். பழைய சிண்டிலேட்டர் திரவங்களைப்போல எளிதில் தீப்பற்றாது என்பது கூடுதல் வசதி. லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் பிபிஓ என்ற ஒளிர்பொருளைக் கரைத்தால் சிண்டிலேட்டர் தயார்.

வேதியியல் ஆசிரியர் கூட இருக்க வேண்டும் என்பது உண்மை. திரவத்தில் கரைந்த ஆக்சிஜன் ஒளியைக் குறைக்கும், அதை நைட்ரஜன் ஊதி வெளியேற்ற வேண்டும். இழை அந்தத் திரவத்தில் கெடாமல் நிற்குமா என்று சில வாரம் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஒரு துளிகூட நுழையாமல் பெட்டியை மூட வேண்டும். இதெல்லாம் தடை இல்லை, இதுதான் படிப்பே! முதல் தடவை பிளாஸ்டிக் துண்டில் ஆரம்பித்தாலும் தவறில்லை. எம்.ஐ.டி.யில் உருவான 'காஸ்மிக் வாட்ச்' என்ற கையடக்கக் கருவியை மாணவர்கள் சுமார் 100 டாலர் செலவில் செய்கிறார்கள்.

மலை ஏறும் சோதனை

1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறித்தான், மேலே போகப் போகக் கதிர்கள் அதிகமாவதைக் கண்டார். 1936-ல் நோபல் கிடைத்தது. கொல்லிமலைக்குப் பலூன் வேண்டாம், பஸ் போதும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செம்மேடு வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம்.

பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு தட்டையான பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று. இரண்டும் ஒரே கணத்தில் மின்னினால் மட்டும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் உணரியின் பொய்யான துடிப்புகள் கழியும். அடிவாரத்தில் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம் வைத்தால் 10,000 மியூவான்கள் பதிவாகும். அதில் தற்செயலான ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 சதவீதம். மேலே கிடைக்கும் அதிகரிப்பு அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். எனவே ஏமாற்றமும் இல்லை, ஏமாற்றவும் முடியாது. மதிப்பெண்ணுக்காக இரவு பகலாகப் பாடத்தை உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. விடைத்தாளில் இல்லாத ஓர் எண்ணைத் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷம் இங்கே ஒரு மாணவருக்காவது கிடைக்கட்டுமே!

மியூவான் பெட்டி ஒன்றைக் காட்டிவிட்டால் மலைக்குள் சுரங்கம் தோண்டச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. கொல்லிமலை ஒரு காலத்தில் பாக்சைட்டுக்காக வெட்டப்பட்ட மலை. வெடிச்சத்தமும் லாரியும் என்ன செய்யும் என்று அங்குள்ள மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெட்டி அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. ஆனால் எது கதிர், எது வெடி என்று பிரித்துக் கேட்க உதவும். பிரித்துக் கேட்கத் தெரிந்த மக்களிடம் மழுப்பலாகப் பதில் சொல்லிவிட்டுப் போக எந்த அரசாலும், எந்த விஞ்ஞானியாலும் முடியாது. நம்பிக்கையும் அப்படித்தான் வரும்.

ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசுத் துறைகள் கண்காட்சி வைக்கின்றன. அங்கே ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டி, எண் ஓடும் ஒரு சின்னத் திரை. விழாவுக்கு வந்த மலையாளிப் பாட்டி ஒருவர் பெட்டிமேல் கையை வைக்கிறார், எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. கையை எடுக்கிறார், அப்போதும் அதே வேகத்தில் ஓடுகிறது. 'என் கை வழியாவா போகுது?' என்று கேட்கிறார். 'ஆமாங்க ஆயா, பிறந்ததிலிருந்தே போய்க்கிட்டுதான் இருக்கு' என்கிறான் அந்தக் கல்லூரிப் பையன்.

அந்த ஒரு நிமிட உரையாடல் பொட்டிப்புரத்தில் முதலிலேயே நடந்திருக்க வேண்டும். கொல்லிமலையிலாவது நடக்கட்டும்!