பூட்டிய பெட்டிக்கு உடையவன் யார்?

வீட்டுக்கொரு கணினியும், ஆளுக்கொரு கைப்பேசியும், பிள்ளைக்கொரு தட்டைக் கணினியும் வாங்கிவிட்டால் நாமும் முன்னேறிய சமூகத்தாராகிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பரவி வருகின்றது. கலியாண வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் இப்பெருமையைக் கேட்டுக் கேட்டு என் செவி புளித்துப்போயிற்று. அன்பர்களே, வாங்கியது உண்மை. மாதந்தோறும் தவணை கட்டுவதும் உண்மை. வாங்கிய பொருள் நம்முடையதுதானா என்பதே நான் எழுப்பும் வினா.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலவழியில் படித்தவனாயினும் கணினிக் கல்வியை முறையாகப் பயின்றவனல்லன். பிறர் இரவில் சீட்டாடுவதுபோல நான் நிரல் எழுதிப் பார்ப்பதுண்டு. அவ்வளவே என் தகுதி.

எங்கள் தோட்டத்தில் குலை ஏற்றிவரும் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்குமுன் ஒருநாள், காலைப் பிரட்டு முடிந்த வேளையில், அதன் கணக்கைப் பதியும் மென்பொருள் திறக்க மறுத்தது. உரிமக் காலம் முடிந்துவிட்டதாம். விற்ற நிறுவனத்தாருக்கோ அன்று விடுமுறை. எடைமேடை பழுதாகவில்லை, கணினி பழுதாகவில்லை, மின்சாரமும் இருந்தது. லாரிகள் மட்டும் வரிசையாக நின்றன. வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலையில் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும் என்பதைக் குலை வெட்டுபவரும் அறிவர். நான் எடைகளைக் காகிதத்தில் எழுதி லாரிகளை அனுப்பினேன். அதனினும் பெரிய வெட்கம் பிறகுதான் தெரிந்தது. ஆறாண்டுகளாக நாங்களே நிறுத்து, நாங்களே பதிந்த கணக்கெல்லாம் அம்மென்பொருள் ஒன்றே படிக்கத்தக்க கோப்புக்குள் அடைபட்டுக் கிடந்தது. எழுதிய கை என்னுடையது. படிக்கும் உரிமை வேறொருவருடையது!

அன்றிரவு ஆவல் என்னை உறங்கவிடவில்லை. மேலாளரின் இசைவு பெற்று, எடைகாட்டும் கருவியிலிருந்து வரும் கம்பியை என் பழைய மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். அக்கருவி எடையை வெறும் எழுத்தாகவே, எவ்வித மறைவுமின்றி, ஓயாது சொல்லிக்கொண்டிருந்தது. பைத்தான் மொழியில் இருபது வரி எழுதியவுடன் எண்கள் திரையில் ஓடின. விற்பனை முகவர் இதனைக் கேள்வியுற்று, ஒப்பந்த நிபந்தனைக்கு விரோதம் என்று எச்சரித்தார். எங்கள் எடைமேடை சொல்லும் எண்ணை எங்கள் கணினி காதுகொடுத்துக் கேட்பதற்கு எவருடைய அனுமதி வேண்டும்?

இவ்வழக்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையொன்றின் அட்டையில் ஆல்டெர் 8800 என்னும் கணினி வெளிவந்தது. உறுப்புகளை வாங்கி வீட்டில் தாமே பற்றவைத்துக்கொள்ளும் பொருள் அது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் கார்க்கொட்டகையில் ஆர்வலர் சிலர் கூடி ஹோம்புரூ கணினிச் சங்கத்தைத் தொடங்கினர். ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டுவதே அச்சங்கத்தின் தருமம். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடித்த ஆப்பிள் கணினியின் மின்சுற்றுப் படத்தை அங்கே தாராளமாக வழங்கினார். அந்த ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியை இன்று திறக்க முயல்வோர் படும் பாட்டை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

1976ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போது இருபது வயதான பில் கேட்ஸ் அவ்வார்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டெருக்காகத் தாம் செய்த பேசிக் மென்பொருளை ஆல்டெர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட விலை கொடுத்து வாங்கவில்லை. தம் உழைப்புக்கு மணிக்கு 2 டாலரும் தேறவில்லை என்பது அவர் முறையீடு. முறையீட்டில் நியாயமுண்டு, அதை நான் மறுக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி கொடுக்காதே என்று சொல்ல, கூலிக்கணக்கு எழுதும் கிராணிக்கு நா எழுமா? ஆனால் கூலி வேறு, பூட்டு வேறு. அதே காலத்தில் டாம் பிட்மன் என்பவர் சிறு பேசிக் ஒன்றை 5 டாலருக்கு விற்றார். விலை நியாயமாயிருந்தபடியால் மக்களும் வாங்கினர். திருடாதே என்ற சொல்லில் தொடங்கிய வழக்கு, பார்க்காதே, தொடாதே, திறக்காதே என்பதில் வந்து நின்றதே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

1980ஆம் ஆண்டையொட்டி எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் அச்சுக்கருவி தந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் முன்னிருந்த கருவியில், தாள் சிக்கினால் உடனே செய்தி சொல்லும்படி நிரலைத் திருத்தியிருந்தார். புதியதிலோ மூலநிரல் இல்லை. அது இருந்த இடத்தைத் தேடிச் சென்று கேட்டார். தருவதில்லையென்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் வைத்திருந்தவர். தாள் சிக்கும் அச்சுக்கருவியோடு மல்லாடாத அலுவலகம் உண்டா? நாம் கருவியைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். அவர் 1983இல் க்னூ என்னும் இயக்கத்தையே தொடங்கினார். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டே லினக்ஸை வெளியிட்டார். ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளே ஓடுவது அந்த லினக்ஸ்தான். திறந்து கொடுக்கப்பட்ட அக்கொடையின்மேலும் பூட்டுப் போட்டு நம்மிடம் விற்கின்றனரே!

2009ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததையும் கேளுங்கள். அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் பணங்கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை, விற்றவருக்கு உரிமையில்லை என்று கண்டதும், கேளாமலே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது. தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும், நூலை விற்றவன் நள்ளிரவில் வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துப் போகலாமென்றால் அது விற்பனையா?

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதன் பெயர் தெரியும். என் பாட்டனார் முப்பது ஆண்டுகள் லயத்து வீடொன்றில் வாழ்ந்தார். வாசலில் முருங்கை நட்டார். தம் பணத்தில் சமையற்கட்டை நீட்டினார். தோட்டம் கைமாறியபோது சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். நீட்டிய சமையற்கட்டுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. வீடு அவருடையதென்று எந்தத் தாளிலும் இல்லை. நம் கையிலிருக்கும் கருவிகளின் உரிமத் தாளைப் படித்துப் பாருங்கள்; அங்கும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

“நமக்கு நிரல் தெரியாது, திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?” என்பாருமுளர். சைக்கிளைச் செப்பனிடத் தெரியாதவன் தெருமுனைக் கடையில் கொடுக்கிறான். கடைக்காரன் கைவைக்கலாகாது என்று சட்டம் இருந்தால் நட்டம் யாருக்கு? நம் மொழியின் கதையையே பாருங்கள். கணினியில் தமிழ் வரும் என்று பெரிய நிறுவனங்கள் எண்ணிப் பாராத 1980களில், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு எழுத்துருவாக்கத்தில் இறங்கினார். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். அன்றைய கணினிகள் கைவைக்க இடங்கொடுத்தன. கொடாதிருந்தால் தமிழெழுத்துக்காக எவர் வாசலில் எத்தனை ஆண்டு நாம் காத்துக் கிடந்திருப்போமோ!

தமிழ்ப்பள்ளிகளுக்குத் தட்டைக் கணினிகளை நன்கொடையாக அளித்துப் படம் எடுத்துக்கொள்ளும் சங்கத்தாரை இப்போது கேட்கிறேன். அக்கருவியில் ஒரு பிள்ளை தானே எழுதிய நிரலை ஏற்ற முடியுமா? மின்கலம் தளர்ந்தால் ஊர்க்கடையில் மாற்ற முடியுமா? பிள்ளைகள் கெடுத்துப் பார்த்துக் கற்கட்டும் என்றே 2012இல் பிரிட்டனில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை 35 டாலருக்கு விற்கத் தொடங்கினர். பழைய மடிக்கணினியில் லினக்ஸைப் பதித்துக் கொடுக்க அவ்வளவும் ஆகாது. ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் லயத்துப் பிள்ளைகள் நால்வர் அத்தகைய கணினி ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கின்றனர், இருமுறை கெடுத்தும்விட்டனர். சங்கத்தார் அடுத்த முறை நன்கொடைக்குப் பட்டியல் போடுமுன், பூட்டிய பெட்டியைத்தான் கொடுப்போம் என்பதற்குரிய காரணத்தை இவ்விதழிலேயே எழுதுவார்களா?