மறுதலித்தவர் யார்?

“கோயிலில் ஒரு பெயர், தாலுகா அலுவலகத்தில் வேறொரு பெயர், இவர்களும் கிறிஸ்தவர்களா?” என்று தலித் சகோதரரைப் பற்றிக் கேட்பவர் நம் பங்குகளில் உளர். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருவிழாவுக்கு அரியலூர்ச் சீமையெங்குமிருந்து ஒன்றாய்த் திரண்டு வரும் மக்களிடையேதான் இப்பேச்சு. பேதுருவின் மறுதலிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம்.

முடியவில்லை. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தன் திருமுழுக்கை வெளிப்படையாய் அறிக்கையிடும் தலித் பிள்ளை நம் மாநிலத்தில் பிற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. தனித்தொகுதியில் நிற்கவும் இயலாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் கிட்டாது. திருமுழுக்குத் தண்ணீர் பட்டதும் சேரி ஊராகிவிட்டதா என்ன?

கிறிஸ்தவராய் வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து எனக் கோருவது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொய் பொய்தான், அதைப் புண்ணியமாக்க நாம் முனையவில்லை. ஆனால் உண்மைக்குரிய விலை எல்லாரிடமும் ஒன்றுபோல் வாங்கப்படவில்லை. பிற்பட்ட வகுப்பினரான நம்மவர் பலர் அந்தோணி என்றும் சூசை என்றும் அச்சமின்றிக் கையெழுத்திட்டுப் பிற்பட்டோராகவே நீடிக்கின்றனர். செலவில்லாத சாட்சியம் அது! அதை வைத்துக்கொண்டு பிறர்மீது கல்லெறிவது எங்ஙனம்?

மறைசாட்சி தேவசகாயத்தை எண்ணிப் பாருங்கள். அரண்மனை உத்தியோகமும் உயர்சாதி மதிப்பும் இருந்தன; இழந்தார். சாதி பாராது எல்லாரோடும் பழகினார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் 1745இல் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுந்தது. 1910இல்தான் அது இடிந்தது. 2022 மே 15இல் அவர் புனிதரானபோது, வழக்கமாய் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பட்டத்தை உரோமை நீக்கியிருந்தது. நம் திருமண அழைப்பிதழ்களில் அஃது இன்னும் நீங்கியபாடில்லை.

சாதிப் பிரிவினையை நீடிக்கச் செய்யும் வழக்கங்களைக் களைய வேண்டுமெனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003இல் தமிழக ஆயர்களிடம் வலியுறுத்தினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையையே வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை.

நாம் கேட்பது இதுவே: உண்மை சொன்னதால் அரசின் இட ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைக்கு நம் கல்லூரியில் ஓர் இடம், நம் பள்ளியில் ஓர் ஆசிரியப் பணி, இறந்தால் எல்லாரும் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலம் ஆகியவற்றைத் தந்துவிட்ட பங்கு எது? அப்பங்கிலிருந்து ஒருவர் எழுந்து அவனைப் பொய்யன் எனட்டும். அப்பங்கின் பெயரை அறிய ஆவலாயிருக்கிறோம்.