நோன்பு நம்முடையது, வேலை நேரம் யாருடையது?



ரமழான் நெருங்கும்போது நம் ஊர்களில் இரண்டு பேச்சுகளைத் தவறாமல் கேட்கலாம். ஒன்று கந்தோரிலும் கடையிலும் கேட்பது: "நோன்புதானே, இப்ப ஏலாது, பெருநாள் முடிய வாங்க." மற்றது வெளியிலிருந்து வருவது: "நோன்பு பிடிச்சா உங்கட ஆக்கள் ஒழுங்கா வேலை செய்ய மாட்டாங்களே." முதல் பேச்சை நாம் பேசப் பேசத்தான் இரண்டாவது பேச்சு வளர்கிறது. நோன்பும் வேலையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

சூரா பகராவின் 183ஆவது வசனம் நோன்பின் நோக்கம் தக்வா என்கிறது. அடுத்த இரண்டு வசனங்களும் நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் பிடித்துக் கொள்ளச் சலுகை தருகின்றன. ரமழானில் உழைப்பை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பத்ருப் போர் நடந்தது ஹிஜ்ரி 2இல், ரமழான் 17இல். மக்கா வெற்றி ஹிஜ்ரி 8இன் ரமழானில். ஸஹாபாக்கள் இந்த மாதத்தைத் தூங்கிக் கழித்தவர்கள் அல்லர். ஆகவே பொதுமகன் ஒருவரின் கோப்பை ஒரு மாதம் மேசையில் கிடக்க விட்டு அதற்கு நோன்பைக் காரணம் காட்டினால், அது அமானிதத்தில் வரும் குறை. பொய்யையும் தீய நடத்தையையும் விடாதவரின் பசியும் தாகமும் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். வேலைக்கு வராமல் வந்ததாகக் கையெழுத்து வைப்பதும் அந்தப் பொய்யில் சேரும்தானே?

நம் நாட்டில் நோன்பின் நீளம் ஏறக்குறைய 13 மணித்தியாலமும் கொஞ்சமும்தான். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் எந்த மாதத்தில் வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2015, 2016இல் ரமழான் ஜூன் மாதத்தில் வந்தபோது லண்டனில் இருந்த நம் உறவுகள் 18 மணித்தியாலத்துக்கு மேல் நோன்பு பிடித்து வேலைக்கும் போனார்கள். 2025இல் சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17 முதல் 26 வரை நோன்புக்குள்ளேயே வந்தது. நம் பிள்ளைகள் நோன்போடு மண்டபத்தில் இருந்து எழுதினார்கள். பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தராவீஹ் முடிந்ததும் போனை வைத்துவிட்டுப் படுங்கள். ஸஹரைப் பிற்படுத்தி, ஆனால் கட்டாயம் சாப்பிடுங்கள். இப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். தேத்தண்ணிப் பழக்கம் உள்ளவர்கள் ரமழானுக்கு ஒரு கிழமை முன்பே குறைத்துக் கொண்டால் முதல் நாட்களின் தலையிடி குறையும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும். பகலில் நம்மைச் சாய்ப்பது பலவேளை பசியல்ல, நடுச்சாமம் தாண்டிக் கண் விழித்ததுதான்.

ஆனால் விசயம் இதோடு முடியவில்லை. தூக்கத்தைச் சரி செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. தன் நேரம் தன் கையில் இருப்பவருக்குத்தான் அது செல்லும்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருக்கிறது. அரச ஊழியர்களுக்குத் தொழுகைகளில் கலந்து கொள்ளும் வகையில் வேலையை ஒழுங்கு செய்து கொடுக்குமாறு பொது நிர்வாகத்துக்குப் பொறுப்பான அமைச்சு சுற்றறிக்கை வெளியிடுகிறது. மாதச் சம்பளக்காரரான நமக்கு நிழல் இருக்கிறது, கதிரை இருக்கிறது, லீவு இருக்கிறது. வெள்ளாமை வெட்டுக்குப் போகிறவருக்கு எந்தச் சுற்றறிக்கை இருக்கிறது? இப்போது சில வருடங்களாக ரமழான் பெரும்போக அறுவடையோடு ஒட்டி வருகிறது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வட்டைக்குள் வெயிலில் நெல் மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலையில் சீமெந்து குழைக்கிறவர், சாய்ந்தமருதுக் கடலில் வலை இழுக்கிறவர், இவர்களுடைய நோன்பும் நம்முடைய நோன்பும் மணிக்கூட்டில்தான் ஒன்று.

தாங்க முடியாத நிலை வந்து உயிருக்கோ உடம்புக்கோ கேடு வரும் என்று பயந்தால், நோன்போடு நாளைத் தொடங்கிய தொழிலாளி அதை முறித்துப் பிறகு கழாச் செய்யலாம் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். அந்தச் சலுகை இருக்கிறது என்பதற்காக ஒருவரை அந்த நிலை வரை தள்ளுவது வேலை கொடுப்பவருக்கு அழகில்லை. உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மேல் அவர்களிடம் வேலை வாங்காதீர்கள், வாங்கினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வேலைக்காரருக்கு நோன்பு கடமை என்றால், வேலை நேரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை இலேசாக்குவது கடமை. நாங்கள் சொல்ல வந்தது இதைத்தான்.

கடைசிப் பத்தில் நம் புடவைக் கடைகளைப் பாருங்கள். காலையில் திறந்த கடை இரவு பன்னிரண்டு, ஒரு மணி வரை திறந்திருக்கிறது. ரோல் ரோலாகப் புடவையை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற அந்தப் பொடியனுக்குப் பதினெட்டு, இருபது வயது இருக்கும். இப்தாருக்கு ஒரு ஈத்தம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும், நின்ற நிலையில். தராவீஹ் இல்லை. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகளில் அவன் நம் பிள்ளைகளின் சட்டைக்கு அளவு தேடிக் கொண்டிருக்கிறான். பள்ளியில் நாம் அழுது துஆக் கேட்கிறோம், கடையில் அவன் கொட்டாவி விடுகிறான். கடை ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும், அந்த ஓவர்டைமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை கடையில் இந்தக் கணக்குப் பார்க்கப்படுகிறது?

முதலாளிமாரை மட்டும் குறை சொல்லவில்லை. பெருநாள் வியாபாரம் அவர்களுக்கு வருடத்தின் பெரிய வரும்படி, கடனுக்குச் சரக்கு எடுத்தவருக்கு அதுதான் மூச்சு. ஒரு கடை நேரத்தோடு பூட்டினால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும் என்ற பயமும் நியாயமானது. அதனால்தான் இது ஒருவர் தனியாகச் செய்யக் கூடிய காரியமல்ல. பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தக சங்கமும் ரமழானுக்கு முன்பே ஒரு தரம் கூடி இருந்து பேசலாம். தராவீஹ் நேரத்தில் எல்லாக் கடையும் பூட்டுவது, கடைசிப் பத்தில் ஊழியர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து முறை வைப்பது, பெருநாள் கொடுப்பனவை இருபதாம் நோன்புக்குள் கொடுப்பது. வாங்குகிற நமக்கும் பங்கு இருக்கிறது. இருபதாம் நோன்புக்கு முன்பே உடுப்பு எடுத்து முடித்தால் நடுச்சாமத்தில் திறந்திருக்கக் கடைக்குத் தேவை இருக்காது.

வயலும் கட்டடமும் அப்படித்தான். சுபஹ் தொழுதுவிட்டு ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடிக்கலாம். போடிமாரும் மேசன் பாஸ்மாரும் நினைத்தால் நடக்கும். ஆனால் கூலியைக் குறைக்காமல் நடக்க வேண்டும். நேரத்தைக் குறைத்துக் கூலியையும் குறைத்தால், இலேசாக்கியதன் செலவையும் ஏழையே கட்டுகிறான்.

அடுத்தது வீடு. பகலில் கந்தோரிலோ பாடசாலையிலோ வேலை செய்துவிட்டு வரும் நம் சகோதரி, வந்த கையோடு அடுப்படிக்குள் போகிறாள். ரோல்ஸ், கட்லட், சமோசா, ஜூஸ் என்று அஸர் முதல் மஃரிப் வரை நிற்கிறாள். பிறகு இராச் சாப்பாடு. மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் முன் எழும்புவதும் அவள்தான். குர்ஆன் ஓத அவளுக்கு நேரம் எங்கே? நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளிக் கஞ்சியும் ஈத்தம்பழமும் இருக்கும்போது நாளுக்கு ஐந்து வகைப் பொரியல் எதற்கு? வாப்பாவும் மகன்மாரும் கோப்பை கழுவினால் நோன்பு முறியாது.

இன்னொன்று. நம்மிடம் வேலை செய்யும் தமிழ், சிங்களச் சகோதரர்களுக்கு நோன்பு இல்லை. அவர்கள் பகலில் சாப்பிடவும் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் இடமும் நேரமும் கொடுப்பது நம் பொறுப்பு. நம்மோடு ஒரே கந்தோரில் இருப்பவர்களுக்கு, நாம் நேரத்தோடு போகும் நாளில் விடுபட்ட வேலையை மற்ற நாளில் முடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். அவர்கள் நம் பயானைக் கேட்பதில்லை. நம் கவுண்டரில் நிற்கிறார்கள். ரமழான் என்றால் என்ன என்று அங்கேதான் படிக்கிறார்கள்.

ஸகாத்துக்கு நாம் நகையையும் காசையும் கணக்குப் பார்க்கிறோம். இம்முறை பிறை காண முன் இன்னொரு கணக்கும் பார்ப்போம். யாருடைய நேரம் நம் கையில் இருக்கிறது? கடைப் பொடியனா, வயலில் நிற்பவரா, வீட்டுக்கு உதவிக்கு வரும் ராத்தாவா, நம் மனைவியா? ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒரு மாதத்தில் முப்பது மணித்தியாலம். அதில் அவர்கள் தொழலாம், ஓதலாம், தூங்கவும் செய்யலாம்.

அல்லாஹ் நம் நோன்புகளையும் நம்மிடம் உழைப்பவர்களின் நோன்புகளையும் ஏற்றுக் கொள்வானாக. ஆமீன்.