காயை இழப்பது லாபமா? கம்ப்யூட்டர் போடும் இரண்டு கணக்கு

சதுரங்கத்தில் எதிரியின் காயை வெட்டினால் லாபம். தன் காயை இழந்தால் நஷ்டம். இது சிறு குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் சில வேளைகளில் தங்கள் காயைத் தாங்களே பலி கொடுக்கிறார்கள். அந்தப் பலி வீணா, அல்லது வெற்றிக்குக் கொடுத்த விலையா? இன்று கம்ப்யூட்டர் இதைச் சொல்லிவிடுகிறது. எனினும், எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே விதமாகக் கணக்குப் போடுவதில்லை.

ஆனந்த் கொடுத்த பலி

காய் பலிக்குப் பேர்போனவர் சோவியத் வீரர் மிகயில் தால். 1960-ம் ஆண்டில் உலக சாம்பியன் ஆனவர். அவர் பெயரால் 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே ஆடிப் பழகிய சிறுவர்தான் விசுவநாதன் ஆனந்த்.

2013 ஜனவரி 15-ந் தேதி, நெதர்லாந்து நாட்டில், அர்மீனிய வீரர் அரோனியனுடன் ஆனந்த் மோதினார். 16-வது நகர்த்தலில் ஒரு குதிரையை எதிரியின் சிப்பாய்களுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார். அப்போது அவருடைய மந்திரி, இரண்டு குதிரைகள், ஒரு யானை ஆக நான்கு காய்களும் வெட்டுப்படும் இடத்தில் நின்றன!

அரோனியன் மற்றொரு குதிரையை வெட்டினார். பிறகு யானையையும் வெட்டினார். யானையை வெட்டிய காயை ஆனந்த் உடனே திருப்பி வெட்டவில்லை. ஒரு சிப்பாயை மட்டும் நகர்த்தி, எதிரியின் ராணி வரும் வழியை அடைத்தார். 23-வது நகர்த்தலோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எண்ணும் எந்திரம்

இப்படிப்பட்ட நிலையைக் கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது?

பழைய வகை எந்திரம் கணக்குப் பிள்ளையைப் போன்றது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்புப் போடும். ராஜாவின் பாதுகாப்பையும் மனிதர் எழுதிக் கொடுத்த விதிப்படி அளக்கும். 1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளைப் புரட்டிப் பார்த்தது.

இதில் ஒரு குறை உண்டு. பலியின் பலன், எந்திரம் பார்க்கும் தூரத்துக்கு அப்பால் இருந்தால், அதற்கு நஷ்டம் மட்டுமே தெரியும்.

கற்ற எந்திரம்

2017-ல் லண்டன் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்பாஸீரோவை அறிமுகம் செய்தது. அது தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. எதிரியான ஸ்டாக்பிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்பாஸீரோ பார்த்ததோ 80 ஆயிரம்தான். ஆனாலும் 100 ஆட்டங்களில் 28-ல் வென்றது. மற்ற 72-ம் டிரா.

“எத்தனை புள்ளி மிச்சம்?” என்று கேட்பது முதல் வகை. “இத்தகைய நிலையில் ஜெயிப்பவர் யார்?” என்று கேட்பது இரண்டாம் வகை. காய் குறைந்தாலும், மற்றக் காய்கள் பாயத் தயாராக இருந்தால் இது அஞ்சாது. ஆனால் ஒரே ஒரு நகர்த்தல்தான் தப்பிக்கும் வழி என்ற இடத்தில் இது சறுக்குவதும் உண்டு. அங்கே எண்ணிப் பார்ப்பதே உதவும். அதனால்தான் 2020-ல் ஸ்டாக்பிஷ் இரண்டு முறைகளையும் இணைத்துக்கொண்டது.

பெற்றோர் கவனத்துக்கு

இன்று இந்த எந்திரம் இலவசமாகவே செல்போனில் கிடைக்கிறது. குழந்தை ஆட்டத்தைப் போட்டதும் ஓர் எண் வருகிறது. எண் சரிதான். ஆனால் காரணத்தை எந்திரம் சொல்வதில்லை. ஆனந்தின் அந்தக் குதிரையை எஃப் வரிசைச் சிப்பாயால் வெட்டியிருந்தால் என்ன ஆகும்? அவர் ராணியையே பலி கொடுப்பார். எதிரி ராஜா தன் காய்களாலேயே அடைபட்டு நிற்க, மற்றொரு குதிரை ‘மேட்’ வைக்கும். இதைத் தானே கண்டுபிடிக்கும் குழந்தைதான் அடுத்த ஆட்டத்திலும் கண்டுபிடிக்கும்.

சென்னை குகேஷ் இதற்குச் சாட்சி. 2019-ல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை, கம்ப்யூட்டர் ஆராய்ச்சியை அவர் பெரும்பாலும் நாடவில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வகுத்த வழி அது. 2024-ல், 18 வயதில், குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

ஆகவே, குழந்தை முதலில் பலகையைப் பார்த்து யோசிக்கட்டும். தன் கணக்கை நோட்டில் எழுதட்டும். அதன் பிறகு செல்போனைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.